கைவேலையில் முதல் பிறந்தநாள்: தையல் கடையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகளின் முதல் பிறந்தநாளைப் பால்மர (ரப்பர் மர) தீமில் கொண்டாடினோம். தோரணத்திலிருந்து கேக் வரை எல்லாமே வீட்டில் செய்ததுதான். படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றியதிலிருந்து, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களும் பிறந்தநாளைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். பல வீடுகளுக்குப் போய்க் கூட உட்கார்ந்து வெட்டி ஒட்டியும் கொடுத்திருக்கிறேன். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஒரு வயசுப் பிள்ளைக்குத் தீம் எதுக்குக்கா? அதுக்கு என்ன தெரியப் போகுது?

பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, உண்மைதான். ஆனால் தீம் என்று ஒன்று இருந்தால் செய்கிறவர்களுக்கு வேலை எளிது. என்ன நிறத்தில் தாள் வாங்குவது, சட்டை எப்படித் தைப்பது, கேக்கின் மேல் என்ன வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை. 'பச்சை இலை' என்று முடிவு செய்த அன்றே எங்கள் வீட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு மாதமும் வேலை முடித்து வந்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து இலை வெட்டினோம். என் மாமனார் அதிகம் பேசாதவர். கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் தோட்டத்துக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். என் கணவரே அவற்றை அதற்கு முன் கேட்டதில்லையாம். பிள்ளை வளர்ந்ததும் சொல்வதற்கு எங்களிடம் இப்போது நிறைய இருக்கிறது.

எந்தத் தீம் எடுக்கிறதுன்னே தெரியல. இன்டர்நெட்ல பார்த்தா எல்லாம் வெள்ளைக்காரன் படமா இருக்கு.

போனை வைத்துவிட்டு வீட்டுப் பெரியவர்களோடு அரை மணி நேரம் பேசுங்கள். தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், பிள்ளையைத் தூங்க வைக்க என்ன பாடுகிறார்கள், பிள்ளை எதைப் பார்த்தால் கை நீட்டுகிறது என்று கேளுங்கள். தீம் அங்கேயே கிடைத்துவிடும். ஒரு வீட்டில் பேரன் சேவலைப் பார்த்தால் குதிப்பான் என்றார்கள். சேவல்தான் தீம். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மணிலா அட்டையும் கொஞ்சம் வைக்கோலும் போதுமாக இருந்தது. இன்னொரு வீட்டில் தாத்தா ரயில்வேயில் இருந்தவர். அட்டைப்பெட்டிகளை வரிசையாகக் கட்டி ரயில் செய்து, நம் ஊர் நிலையத்தில் இருப்பதுபோல் பெயர்ப்பலகை எழுதி, ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பேரன் பெயரைப் போட்டோம்.

எங்கள் தீம் பால்மரமானதற்கு என் மாமியார்தான் காரணம். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். பக்கத்துக் கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பதை அங்கே கொண்டுவந்து நட்டார்கள். அவற்றில் மிஞ்சி நிற்பது அது. மகளுக்குப் பதினொரு மாதம் ஆனபோது மாமியார் மடியில் அவளை உட்கார வைத்து அந்த மரத்தடியில் படம் எடுத்து, அதையே அழைப்பிதழில் போட்டோம்.

எவ்ளோ வெள்ளி ஆகும்? சும்மா சொல்லாம கணக்கோட சொல்லுங்க.

எங்கள் கணக்கு இது. 55 பேர், மொத்தம் 830 வெள்ளி. சாப்பாட்டுக்கு 560, அலங்காரத்துக்கு 115, கேக் சாமான்களுக்கு 40, பிள்ளைகளுக்குக் கொடுத்த பைகளுக்கு 90, சில்லறைச் செலவு 25. அலங்காரத்துக்கு ஆன 115-லும் பாதி, துணிக்குப் போனது. அந்தத் துணியில் பிறகு இரண்டு தலையணை உறை தைத்துவிட்டேன்.

கையால் செய்தால் மலிவு என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். அலங்காரத்தில் மட்டும்தான் காசு மிச்சமாகும். ஆள் கூடினால் சாப்பாட்டுச் செலவு கூடும், அதைக் கைவேலை குறைக்காது. பணம் இறுக்கமாக இருந்தால் பட்டியலில் இருபது பேரைக் குறையுங்கள். அதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை.

எவ்ளோ நாள் முன்னாடி ஆரம்பிக்கணும்?

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் ஆறு வாரம். முதல் வாரம் தீமும் ஆள் கணக்கும். அடுத்த மூன்று வாரம் வெட்டுவது, தைப்பது. ஐந்தாம் வாரம் ஒரு முறை கேக் செய்து பாருங்கள், இதைத் தவிர்க்காதீர்கள். கடைசி வாரம் சாமான் வாங்குவதற்கும் வீடு கழுவுவதற்கும் மட்டும்.

தென்னங்குருத்துத் தோரணத்தை மட்டும் முன்கூட்டிச் செய்யக்கூடாது. முதல்நாள் சாயங்காலம் பின்னி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் கட்டினால்தான் சுருளாமல் இருக்கும். தாள் தோரணத்துக்கு நேர்மாறு: எவ்வளவு முன்னாலும் செய்யலாம், ஆனால் ஈரக்காற்று படாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். கிரேப் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே சாயம் ஊறி, பின்னால் இருக்கும் வெள்ளைத் துணியெல்லாம் சிவந்துவிடும்.

வீட்லயே வைக்கலாமா, மண்டபம் எடுக்கலாமா? எத்தனை மணிக்கு?

ஐம்பது பேருக்குள் என்றால் வீடுதான் நல்லது. பிள்ளைக்குத் தெரிந்த தரை, தெரிந்த தொட்டில், தெரிந்த வாசனை. அழுதால் அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாம். ஆள் கூடுதல் என்றால் பாலாய் ராயாவோ (ஊர்ப் பொது மண்டபம்) கோயில் மண்டபமோ பார்க்க வேண்டியதுதான். அப்படிப் போனால் ஒரு மூலையில் பாய் விரித்து, தடுப்பு கட்டி, பிள்ளைக்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள்.

நேரத்தைப் பிள்ளையின் தூக்கத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். இந்த வயதில் பகலிலும் இரவிலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்குவார்கள். பகல் தூக்கம் போனால் ராசாத்தியும் ராட்சசி ஆகிவிடுவாள். நான் சொல்வது காலை 10 முதல் 12.30. நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். ஒரு வீட்டில் நான்கு மணிக்கு வைத்தார்கள். நாலேகாலுக்குக் கொட்டிய மழையில் வாசலில் கட்டியிருந்த தாளெல்லாம் கூழாகிவிட்டது. மூன்று வாரம் அதில் உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டியின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கெனோப்பி (கூடாரப் பந்தல்) போட்டாலும் சாரல் உள்ளே வரும்.

பலூன் இல்லாமப் பிறந்தநாளா? ஒரு இருபதாவது கட்டுங்கக்கா.

இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பலூன் செய்வதும் இயற்கை ரப்பரில்தான், நம் பாட்டிகள் வெட்டிய அதே பால். வெடித்த பலூனின் துண்டு வழுவழுப்பாக, மெல்லியதாக இருக்கும். பிள்ளை அதை வாயில் போட்டு மூச்சை இழுத்தால் தொண்டையில் போய், மூச்சுக்குழாய் வாயை ஒட்டி மூடிக்கொள்ளும். முதுகில் தட்டினாலும் கடலைபோல் வெளியே தெறித்து வராது. காற்று ஊதாத பலூனும் அதே ஆபத்துதான். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளும் வருவார்கள், பத்து பேர் கூடும் இடத்தில் தரையில் விழுந்த துண்டை யார் பார்ப்பது? சிலருக்கு ரப்பர் பட்டாலே உடம்பு தடித்து அரிக்கும் ஒவ்வாமையும் உண்டு.

கண்ணுக்கு நிறைவாக உருண்டையாக ஏதாவது வேண்டும் என்றால் துணி உருண்டை தையுங்கள். பழைய சேலை, பாவாடைத் துணிதான். ஆறு இதழ் வெட்டித் தைத்து, உள்ளே வெட்டுத்துணியை அடைத்தால் பந்து. பிள்ளை கடித்தாலும் கவலையில்லை, துவைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் முப்பது கட்டினோம். ஒருவரும் பலூன் எங்கே என்று கேட்கவில்லை.

வேற எதெல்லாம் பிள்ளைக்கு ஆபத்து? அலங்காரம் செஞ்சுட்டு எப்படிப் பார்க்கிறது?

தவழ்ந்து பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எல்லாம் கட்டி முடித்ததும் நீங்களே முட்டிபோட்டுக் கூடத்தைச் சுற்றி வாருங்கள். மேசைவிரிப்பின் தொங்கும் முனை, கழன்ற ஸ்டேப்ளர் ஊசி, சோபாவின் கீழே உருண்டுபோன மணி, எல்லாம் அந்த உயரத்தில்தான் கண்ணில் படும். மேசைவிரிப்பைப் பிள்ளை பிடித்து இழுத்தால் மேலே இருக்கும் சூடான பாத்திரமும் சேர்ந்து வரும். அதனால் விளிம்பைக் கீழே மடக்கிக் கட்டிவிடுங்கள். தாளை நூலால் தைத்தால் ஸ்டேப்ளர் ஊசியே வேண்டியதில்லை, நான் அப்படித்தான் செய்கிறேன்.

டாய்லெட் தாள் சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எந்தச் சாமானும் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. பொம்மை நிறுவனங்கள் சோதிக்கும் உருளை இதைவிடக் குறுகலானது, குறுக்களவு 3.17 சென்டிமீட்டர். அதனால் நம் குழாய்ச் சோதனை கொஞ்சம் கூடுதல் பத்திரம்தான்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மினுக்கு விளக்குகளை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சட்டைப் பொத்தான் போன்ற வட்ட பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணியால் இறுக்கப்படாத விளக்கு வீட்டுக்குள்ளேயே வேண்டாம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மைதாப் பசையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடணும்னு எங்க ஆயா சொல்றாங்க. போடலாமா?

வேண்டாம். பெரியவர்கள் அந்தக் காலத்தில் போட்டது உண்மை, கரப்பான் அரிக்காது. ஆனால் துத்தம் நஞ்சு, பிள்ளை தாளைச் சப்பும். மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசை செய்யுங்கள். அன்றன்று வேண்டிய அளவு மட்டும் காய்ச்சினால் பூச்சிக்கும் வேலையில்லை.

பால்மரத் தீமுக்கு நிஜமான மங்கு, ரப்பர் கொட்டை எல்லாம் வைக்கலாமா?

மங்கு, அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம், வைக்கலாம், அழகாக இருக்கும். காய்ந்த பால் ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுங்கள். நாங்கள் இருபது மங்கு வாங்கிக் கழுவி, சிலவற்றில் சாமந்தியை நிரப்பினோம். தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறவர்கள் விருந்து முடிந்ததும் மறக்காமல் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். தோட்டத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய மங்குகளில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது நமக்குத் தெரியும். வாசலில் வைத்தாலும் அதே கதைதான், ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும்.

ரப்பர் கொட்டையை உயரத்தில் மட்டும் வையுங்கள். சின்ன வயதில் சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைத்து விளையாடியிருப்போம். பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் அந்த விதைக்குள் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, பச்சையாகத் தின்றால் நஞ்சு. அளவும் பிள்ளையின் தொண்டையை அடைக்கும் அளவுதான். நாங்கள் கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடியை இறுக்கி, சாமி அலமாரிக்கு மேலே வைத்தோம்.

உண்மையான பாலோ ஆசிட்டோ கொண்டுவராதீர்கள். ஒருவர் ஆர்வத்தில் ஒட்டுப்பால் (மங்கிலும் பட்டையிலும் உறைந்துபோன பால்) கொண்டுவந்துவிட்டார், வாசனையில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ரப்பர் இலையைத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டுச் சதையைக் கழித்தால் நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும். அதைச் சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பூவாகக் கட்டலாம். வேலை அதிகம், ஆனால் வந்தவர்கள் முதலில் தொட்டுப் பார்த்தது அதைத்தான்.

கேக் வீட்ல செய்ய வராது. கடையில வாங்கினா கைவேலைன்னு சொல்ல முடியுமா?

தாராளமாக வாங்குங்கள், யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஆனால் பிள்ளை சாப்பிட என்று தனியாகச் சிறியது ஒன்று வீட்டில் செய்யுங்கள். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. பழுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து, மாவும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைத்தால் இனிப்பு தானாகவே இருக்கும். முட்டை, பால், கடலை இவை எதையும் அன்றைக்கு முதல் தடவையாகக் கொடுக்காதீர்கள். ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் மகளுக்கு இட்லியை அடுக்கிக் கோபுரம் கட்டினோம். கவிழ்த்த மங்குபோலவே இருக்கிறது என்று மாமியார் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் பிய்த்துச் சாப்பிட்டாள்.

பெரிய கேக்கை நீங்களே செய்வதானால் வெண்ணெய்க் கிரீமை நம்பாதீர்கள். 33 டிகிரி வெயிலில் வழிய ஆரம்பித்துவிடும். அகார் அகார் நம் ஊருக்கென்றே வந்தது. ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வரை உருகாது. பண்டான் இலைச் சாறு பச்சை, சங்குப்பூ நீலம், பீட்ரூட் சிவப்பு, தேங்காய்ப்பால் வெள்ளை என்று அடுக்கடுக்காக ஊற்றலாம். தேங்காய்ப்பால் அடுக்கு உண்டென்றால் பரிமாறும் வரை குளிர்பெட்டியை விட்டு எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் கட்டியாகக் கொடுக்காமல் துருவிக் கொடுங்கள், வழுக்கிக்கொண்டு தொண்டையில் போய் நிற்கும்.

நட்சத்திரப்படி கொண்டாடணுமா, இங்கிலீஷ் தேதியா? ரெண்டும் வேற வேற நாள்ல வருது.

பல வீடுகளில் நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை, முடிந்தவர்கள் ஆயுள் ஹோமம். ஆங்கிலத் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. இது நல்ல ஏற்பாடு, காலையில் மொட்டை, காது குத்து, சாயங்காலம் கேக் என்று பிள்ளையை ஒரே நாளில் வதைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரம் சில சமயம் ஆங்கிலத் தேதிக்குப் பல நாள் முன்னாலேயே வந்துவிடும். அன்றைக்குப் பிள்ளைக்கு 12 மாதம் முடிந்திருக்காது. 12 மாதம் முடியும் வரை தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பைத் தளரவைக்கும் நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. கோயிலில் கொடுக்கும் பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கும்! பிரசாதத்தை மறுக்க மனம் வராது என்பது புரிகிறது. கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாய் சாப்பிட்டுவிடலாம். பிள்ளையின் நாக்கில் தடவ ஓடி வரும் பாட்டிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறது நம்ம வழக்கமில்லைன்னு பெரியவங்க கோவிக்கிறாங்க. என்ன செய்ய?

ஒரு வயதுப் பிள்ளைக்கு ஊதவே தெரியாது, பெரியவர்தான் கேக்கின் மேல் ஊதுவார். எச்சிலும் சேர்ந்து விழும். நாங்கள் குத்துவிளக்கை ஏற்றினோம். மாமியார் ஒரு முகம், என் அம்மா ஒரு முகம், பிள்ளையின் பெயரைச் சொல்லி ஏற்றினார்கள். எரியும் விளக்கு மேசையின் நடுவில் இருக்கட்டும். பிள்ளையை ஒரு கை தூரத்துக்கு அப்பால் ஒருவர் இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சுற்றிக் கிரேப் தாளும் வேண்டாம்.

மலாய்க்காரங்க, சீனவங்க பக்கத்து வீட்ல இருக்காங்க. அவங்களும் சாப்பிடுற மாதிரி எப்படி?

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. எளிய வழி, மலாய்க்கார நண்பர்களுக்கு ஒரு மலாய்க்காரக் கடையில் மீஹூனும் (அரிசிச் சேமியா) கூயும் (மலாய்ப் பலகாரம்) சொல்லித் தனி மேசையில், தனிக் கரண்டி, தாள் தட்டோடு வைப்பது. எங்கிருந்து வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டால் அவர்கள் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கேக் வாங்கினால் ஹலால் முத்திரை உள்ள கடையில் வாங்குங்கள். ஜெலட்டின் போட்ட இனிப்பைத் தவிருங்கள். அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவதால் சைவக்காரர்களுக்கும் சங்கடமில்லை.

நம் சமையல் என்றால் ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வையுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்தது எதுவும் வெயிலில் சீக்கிரம் கெடும். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிடுங்கள், மிஞ்சினதைத் தாப்பாவ் (பொட்டலம்) கட்டிக் கொடுப்பதும் அதற்குள்ளேதான். காலை 10 மணியை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வர்ற பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற பையில என்ன போடலாம்? எல்லாரும் மிட்டாய்தான் போடுறாங்க.

வயதுப்படி இரண்டு விதப் பை கட்டுங்கள், நிறத்தில் வேறுபாடு காட்டுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஈப்போ புந்தோங்கிலிருந்து கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகைகள்), ஓலையில் செய்த காத்தாடி ஒன்று. ஐந்து வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கடலையும் கெட்டி மிட்டாயும் வேண்டாம். துணிப் பந்து, ஒரு வாழைப்பழம் போதும். பையை வெட்டுத்துணியில் தைத்தால் ஒன்றுக்குப் பத்து நிமிடம்.

எங்க பாட்டி ரப்பர் வெட்டுனவங்க. அந்தக் கஷ்டத்தை அலங்காரமா வச்சா கேலி பண்ற மாதிரி ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு இளம் தாய். இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். முதலில் பாட்டியையே கேளுங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா, 'விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) அழ அழ விட்டுட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) ஓடின காலம் எனக்கு ஞாபகம் வரவே வேண்டாம்' என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு மயில் தீமுக்கு மாறினோம். அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

என் மாமியார் சம்மதித்தார். ஆனால் பிள்ளைக்குக் கைலி கட்டி, தலையில் துணி சுற்றி, விளக்கு மாட்டிப் படம் எடுக்கலாம் என்று யாரோ சொன்னபோது வேண்டாம் என்றார். 'அது எனக்கு வேலைக்குப் போடுற துணி, அவளுக்கு எதுக்கு' என்று மட்டும் சொன்னார். சரி என்று பிள்ளைக்கு மூன்று இலை வைத்துத் தைத்த பச்சைப் பருத்திப் பாவாடை போட்டோம். வெட்டும் கத்தியை வைக்கவில்லை. அதற்குப் பதில் அவரோடு ஒரே நிரையில் (மர வரிசையில்) வேலை செய்தவர்களின் பழைய படங்களை ஒரு கயிற்றில் கோத்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதினோம். பெயர்களைச் சொன்னது அவர்தான். இருவருடைய பெயர் நினைவுக்கு வரவில்லை என்று மூன்று நாள் வருந்தி, யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். விருந்தன்று வந்த பெரியவர்கள் கேக்கைவிட அந்தக் கயிற்றின் முன்தான் அதிக நேரம் நின்றார்கள்.

எனக்குக் கையால செய்ய ஆசை. மாமியார் வீட்ல கெனோப்பி, டிஜேன்னு பெருசா வைக்கணும்கிறாங்க.

சண்டை போட வேண்டாம். அவர்கள் சொல்வதில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பாருங்கள். கெனோப்பியால் நிழல் கிடைக்கும், இருக்கட்டும். பெரிய ஒலிபெருக்கி பிள்ளையின் காதுக்கு ஆகாது. வேண்டுமென்றால் பிள்ளை தூங்கப் போனபிறகு, அளவான சத்தத்தில் பாட்டுப் போடலாம். பிறகு மாமியாருக்கே ஒரு வேலை கொடுங்கள்: அவர் கைப்பட ஒரு தோரணம், அல்லது அவர் பிள்ளைக்குக் கட்டிய தொட்டில் சேலையைப் பின்திரையாகக் கட்டுவது. அவர் கை பட்டுவிட்டால் அவரே வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவார், நான் நான்கு வீட்டில் பார்த்துவிட்டேன்.

பரிசு வேண்டாம்னு அழைப்புல போடலாமா?

போட்டாலும் நம் ஆட்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள், அங்பாவாவது (பணம் வைத்த உறை) கொண்டுவருவார்கள். அதனால் எதுவும் எழுதாமல் விடுவதே நல்லது.

அழைப்பையும் படத்தையும் ஃபேஸ்புக்ல போடலாமா?

பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி மூன்றும் ஒன்றாக இருக்கும் அழைப்பை எல்லோரும் பார்க்கும்படி போடாதீர்கள். மைகிட் (பிள்ளைகளின் அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்த பிள்ளைக்கு 08 என்று யாரும் ஊகித்துவிடலாம். முகவரியை வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்புங்கள். மற்றவர்களுடைய பிள்ளைகள் இருக்கும் படத்தைப் போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாம் செஞ்சு, கேக் வெட்டுற நேரத்துல பிள்ளை அழுதா?

அழும். அறிமுகமில்லாத முகங்களைப் பார்த்து மிரளும் வயது அது. தூக்கிக்கொண்டு அறைக்குப் போய் மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள். விருந்தினர் சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். நல்ல படம் வேண்டுமென்றால் காலையில் குளிப்பாட்டிய கையோடு, யாரும் வருமுன்னே எடுத்துவிடுங்கள். எங்களிடம் இருக்கும் நல்ல படங்கள் எல்லாம் காலை எட்டரை மணிக்கு எடுத்தவை. கேக் வெட்டியபோது அவள் தாத்தா தோளில் தூங்கிவிட்டாள், நாங்கள் மெதுவாகப் பாடினோம்.

முடிஞ்ச பிறகு இந்தச் சாமானையெல்லாம் எங்க வைக்கிறது? தூக்கிப் போட மனசு வரல.

பிள்ளையின் பெயர்ப்பலகை, அழைப்பிதழ் ஒன்று, பெரியவர்கள் கைப்பட வெட்டிய சில இலைகள் இவற்றை மட்டும் தட்டையான பெட்டியில் வேப்பிலை போட்டு வையுங்கள். துணி உருண்டைகள் பிள்ளைக்கு விளையாட. பழைய படங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்குமுன் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் இருபது மங்கும் இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கின்றன. வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னதாகக் கடைக்கு வந்து சொல்லுங்கள். அவற்றில் ஒன்றுக்கு விளிம்பு உடைந்திருக்கிறது, அதைப் பிள்ளைகள் பக்கம் வைக்காதீர்கள்.